வீட்டு வேலைக்கு ஆள் வைத்தால் வரியும் ஈ.பி.எப்.பும் கட்ட வேண்டுமா?

கொழும்பில் வேலை செய்யும் ஒருவர் கேட்டிருக்கிறார்: அப்பாவும் அம்மாவும் பண்டாரவளையில் சொந்த வீட்டில் இருக்கிறார்கள். அம்மாவைப் பார்த்துக்கொள்ள, சமைக்க, வீடு கூட்டப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு அக்காவை மாதம் 35,000 ரூபாய்க்கு வைத்திருக்கிறோம். மேல்மாடியில் இரண்டு அறைகளை பக்கத்து எல்ல ஊரைச் சுற்றிப் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு விடுகிறோம். அந்த அறைகளையும் அவர்தான் துப்புரவு செய்கிறார். இதற்கு நான் வரி கட்ட வேண்டுமா, ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) கட்ட வேண்டுமா, கொடுக்கும் சம்பளத்தை என்னுடைய வருமான வரியில் கழித்துக்கொள்ள முடியுமா?

கேள்வி மூன்றாக இருந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். சட்டத்தின் கண்ணில் அந்த அக்கா உங்கள் வீட்டு வேலையாளா, உங்கள் தொழிலில் வேலை செய்கிறவரா? இதற்குப் பதில் கிடைத்தால் மற்ற எல்லாம் தானாக இடத்தில் உட்காரும். தோட்ட ஆபீசில் சம்பளப் புத்தகம் எழுதி, அப்புறம் ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கச் சின்ன ஹோட்டல்களுக்கும் கெஸ்ட் ஹவுஸ்களுக்கும் கணக்குப் பார்த்துவரும் ஆள் நான். சட்டத்தரணி இல்லை. ஆகவே வழக்கு என்று வந்தால் என் சொல்லை வைத்துப் போகாதீர்கள். ஆனால் மாதா மாதம் என்ன கட்ட வேண்டும், எங்கே கட்ட வேண்டும் என்பது என் அன்றாட வேலை.

முதலில் சந்தேகமே இல்லாத பகுதி, வருமான வரி. ஒருவருடைய சம்பளத்திலிருந்து முதலாளி பிடித்துக் கட்டும் வரியை இப்போது ஏ.பி.ஐ.டி. என்கிறோம், பழைய ஆட்கள் இன்னும் பேயீ என்றுதான் சொல்வார்கள். 2023 ஜனவரியிலிருந்து அது கட்டாயம். ஆனால் 2025 ஏப்ரல் 1 முதல் ஒருவருக்கு வருடத்துக்கு 18 லட்சம் ரூபாய், அதாவது மாதம் ஒன்றரை லட்சம் வரைக்கும் வரி இல்லை. உங்கள் அக்காவின் வருடச் சம்பளம் 4 லட்சத்து 20 ஆயிரம். எல்லைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அவரிடமிருந்து பிடிக்க வேண்டியதும் இல்லை, நீங்கள் இறைவரித் திணைக்களத்துக்கு அவர் பேரில் கட்ட வேண்டியதும் இல்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தோட்டப் பக்கத்தில் இது பெரிய பயமாக இருக்கிறது. 2024 தொடக்கத்திலிருந்து 18 வயது தாண்டியவர்கள் எல்லாரும் வரி இலக்கம் எடுக்க வேண்டும் என்று வந்ததே, அதைக் கேட்டு, இலக்கம் எடுத்தால் வரி பிடிப்பார்கள், அரசாங்கம் கொடுக்கும் சமுர்த்தி, அஸ்வெசும உதவிக் காசு வெட்டுப்படும் என்று பயந்து வீட்டு வேலைக்குப் போவதையே மறைக்கிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். இலக்கம் எடுப்பது வேறு, வரி கட்டுவது வேறு. 35,000 ரூபாய் சம்பளக்காரருக்கு வரி பூச்சியம். அந்த அக்கா உங்களிடம் கேட்டால் பொறுமையாக உட்கார்ந்து இதை விளங்கப்படுத்துங்கள். அவருக்கு வேறு யாரும் சொல்லப் போவதில்லை.

அடுத்தது உங்கள் சொந்த வரி. அம்மாவைப் பார்ப்பதற்கும் வீட்டுச் சமையலுக்கும் கொடுக்கும் சம்பளம் குடும்பச் செலவு. அதை உங்கள் சொந்தச் சம்பளத்திலிருந்து கழிக்க முடியாது. வயதான பெற்றோரைப் பார்க்கும் செலவுதானே, ஏதாவது சலுகை இருக்காதா என்று பலர் கேட்கிறார்கள். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில் வீட்டுச் செலவுக்குக் கழிவு இல்லை. அறைகளை விட்டுச் சம்பாதிக்கும் பணம் வேறு கணக்கு. அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது ஈ.பி.எப். இங்கேதான் ஆட்கள் குழம்புகிறார்கள், குழம்புவதில் நியாயமும் இருக்கிறது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம். 1980ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த ஈ.ரி.எப்.புக்கு (ஊழியர் நம்பிக்கை நிதி) முதலாளி மட்டும் 3 வீதம். ஒரே ஒரு ஆளை வைத்திருந்தாலும், அந்த ஆள் நிரந்தரமில்லாமல் கைக்காசுக்கு வந்தாலும், முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும். ஆனால் தனியார் வீட்டில் வீட்டு வேலை செய்கிறவர்களை இந்த இரண்டு நிதிகளும் வெளியே வைத்திருக்கின்றன. பணிக்கொடைச் சட்டமும் அப்படித்தான்: 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் வீட்டு வேலையாளையும் வீட்டு டிரைவரையும் வெளிப்படையாக விலக்குகிறது. 2016இல் வந்த தேசிய ஆகக் குறைந்த வேதனச் சட்டமும் வந்தபோது அவர்களைச் சேர்க்கவில்லை. தொழில் வாரியாக ஆகக் குறைந்த சம்பளத்தை நிர்ணயிக்கும் சம்பளச் சபைகள் எத்தனையோ தொழில்களுக்கு இருக்கின்றன, வீட்டு வேலைக்கு ஒன்று இல்லை. இந்த நிலையை மாற்ற வேண்டும் என்ற பேச்சும் திருத்த முயற்சிகளும் சில வருடங்களாகவே நடக்கின்றன. ஆகவே இதை வாசிக்கிற மாதத்தில் தொழில் அலுவலகத்தில் ஒரு தடவை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஆக, உங்கள் வீட்டில் வாடகை அறைகள் இல்லாமல் அந்த அக்கா அம்மாவை மட்டும் பார்த்தால், வரியும் இல்லை, ஈ.பி.எப்.பும் இல்லை என்று முடித்துவிடலாம். அந்த இரண்டு அறைகள் இருப்பதால் முடிக்க முடியாது.

இதை விளங்கிக்கொள்ளத் தோட்டத்துப் பங்களாவைப் பாருங்கள். பல தோட்டங்களில் தொரையின் (தோட்ட மனேஜரின்) பங்களாவில் சமைக்கிற அப்புவும் பூந்தோட்டம் பார்க்கிறவரும் தோட்டத்துச் செக்ரோலில் (சம்பளப் பதிவேட்டில்) பேர் பதிந்தவர்கள். அவர்கள் செய்வது அச்சு அசலான வீட்டு வேலை. ஆனாலும் சம்பளம் கம்பனியிலிருந்து வருவதால் ஈ.பி.எப். உண்டு. அதே அப்பு ஓய்வுக்குப் பிறகு டவுனில் ஒரு டீச்சர் வீட்டில் அதே சமையலைச் செய்தால் ஒன்றும் இல்லை. செய்கிற வேலையைவிட, யார் எந்தக் கணக்கிலிருந்து எதற்காகச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பதுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. காசு கொடுத்துத் தங்குகிறவர்களுக்கு அறை விடுவது தொழில். அந்த அறையில் படுக்கை விரித்து, கக்கூஸ் கழுவி, காலைச் சாப்பாடு வைக்கிறவர் அந்தத் தொழிலில் வேலை செய்கிறார்.

சரி, அவர் பாதி நேரம் அம்மாவோடு, பாதி நேரம் அறைகளில் என்றால்? இது உண்மையிலேயே தெளிவில்லாத இடம். இத்தனை மணித்தியாலம் வரை வீட்டு வேலை, அதற்கு மேல் தொழில் என்று கோடு போட்ட விதி ஒன்றை நான் வேலை செய்த காலத்தில் கண்டதில்லை. சில கணக்காளர்கள் சம்பளத்தைப் பிரித்து, 15,000 அறைகளுக்கு, 20,000 வீட்டுக்கு என்று எழுதி 15,000க்கு மட்டும் கட்டச் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்வதில்லை. தொழில் அதிகாரி வந்தால் நீங்கள் எழுதி வைத்த பிரிப்பைக் கேட்பதைவிட அந்த அக்காவைக் கூப்பிட்டு, காலையில் வந்து என்ன செய்வீர்கள், அப்புறம் என்ன செய்வீர்கள் என்றுதான் கேட்பார். சீசனில் அறை நிரம்பியிருக்கும் மாதங்களில் அவர் நாள் முழுக்க மேல்மாடியில்தான் நின்றிருப்பார். ஏப்ரலிலும் டிசம்பரிலும் பண்டாரவளையில் இருந்தவர்களுக்கு இது தெரியும். அறை விடுவது எப்போதாவது வருகிற வருமானமாக இல்லாமல் தொடர்ந்து நடக்கிறது என்றால், முழுச் சம்பளத்துக்கும் கட்டுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. உங்களுக்கும் பிறகு தலையிடி இல்லை, அவருக்கும் நல்லது.

காசுக் கணக்கைப் பார்ப்போம். 35,000 ரூபாய்க்கு அவருடைய 8 வீதம் 2,800. உங்களுடைய 12 வீதம் 4,200. ஈ.ரி.எப். 1,050. அதாவது அவர் கைக்கு 32,200 வரும், உங்களுக்குச் செலவு 40,250. அவர் கணக்கில் மாதம் ஈ.பி.எப். மட்டும் 7,000 ரூபாய் சேரும், வருடத்துக்கு 84,000, வட்டி தனி. ஆனால் நேற்றுவரை 35,000 வாங்கிப் பழகியவரிடம் திடீரென்று 2,800 வெட்டினால் அவர் வீட்டில் அரிசி குறையும். அதனால் சம்பளத்தை 38,050 ஆக்கிவிட்டுப் பிடியுங்கள் என்று நான் சொல்வேன். கைக்கு பழையபடி 35,000 வரும். முடியாவிட்டால் பாதியாவது கூட்டுங்கள். எதுவானாலும் அவரிடம் முதலில் பேசிவிட்டுச் செய்யுங்கள்.

இரண்டு விஷயம் கவனம். முதலாவது, முதலாளியின் 12 வீதத்தை அவருடைய சம்பளத்திலிருந்து பிடிக்கவே கூடாது. மொத்தம் 20 வீதத்தையும் தொழிலாளியிடமே வெட்டி, "உனக்கு ஈ.பி.எப். கட்டுறோம்" என்று சொல்கிற இடங்கள் இருக்கின்றன. அது சட்டவிரோதம். இரண்டாவது, சாப்பாடு. நீங்கள் கொடுக்கும் சாப்பாட்டின் பெறுமதியும் ஈ.பி.எப். கணக்குக்கான சம்பாத்தியத்தில் சேரும் என்று சட்டத்தில் இருக்கிறது. மேலதிக நேரக் கொடுப்பனவுதான் சேராது. மூன்று நேரமும் உங்கள் வீட்டில் சாப்பிடுகிறார் என்றால் அதை எப்படி மதிப்பது என்பதையும் தொழில் அலுவலகத்தில் கேட்டு எழுதிவையுங்கள்.

கட்டுவது அடுத்த மாத முடிவுக்குள். பிந்தினால் மேலதிகக் கட்டணம் 5 வீதத்தில் தொடங்கி, ஒரு வருடத்துக்கு மேல் போனால் 50 வீதம் வரை ஏறும். கட்டாமல் விட்ட பழைய மாதங்களையும் சேர்த்துத்தான் கேட்பார்கள். அவர் உங்களிடம் எப்போது வந்தார் என்பதை நீங்கள் எழுதவில்லை. அறைகளை விடத் தொடங்கிய மாதம் எது, அவர் அறைகளைத் தொடத் தொடங்கிய மாதம் எது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். பழைய பாக்கியைத் தானாக முன்வந்து சொல்கிறவரையும் முறைப்பாட்டுக்குப் பிறகு பிடிபடுகிறவரையும் அதிகாரிகள் ஒரே மாதிரிப் பார்ப்பதில்லை என்பது என் அனுபவம்.

யார் பேரில் பதிவது? நீங்கள் கொழும்பிலிருந்து காசு அனுப்புகிறீர்கள் என்பதால் நீங்கள் முதலாளி ஆகிவிட வேண்டியதில்லை. அறை வாடகை அப்பாவின் கணக்குக்கு வருகிறது, வீடு அவருடையது, வேலை சொல்வதும் அவர் என்றால், தொழில் அப்பாவுடையது. முதலாளியாகப் பதிய வேண்டியவரும் அவர்தான். அறை வருமானமும் அப்பாவின் வருமானமாகத்தான் போகும். ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையான வருடக் கணக்கு. அடுத்த நவம்பர் 30க்குள் வரி அறிக்கை. அந்த வருமானத்தை உழைக்கச் செலவான சம்பளத்தை, முதலாளியின் 12 வீதத்தோடும் 3 வீதத்தோடும், அங்கே கழிக்கலாம். ஆனால் வரியில் கழிக்கும்போது அறைகளுக்கான பங்கை மட்டும் கழியுங்கள், அம்மாவைப் பார்த்த பங்கை விடுங்கள். முழுச் சம்பளத்துக்கும் ஈ.பி.எப். கட்டச் சொன்னவரே இப்போது பிரிக்கச் சொல்கிறாரே என்று நினைக்க வேண்டாம். ஒன்று தொழிலாளியின் பாதுகாப்புக்கான சட்டம், மற்றது வருமானத்தை உழைக்க என்ன செலவானது என்று பார்க்கும் சட்டம். இரண்டிலும் சந்தேகம் வரும் இடத்தில் கொஞ்சம் கூடக் கொடுக்கும் பக்கம் நிற்பதுதான் பத்திரம்.

இவ்வளவும் சட்டம் கேட்பது. சட்டம் கேட்காத ஒன்றை இதைவிட அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். அந்த அக்கா தோட்டத்திலிருந்து வருகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து பறித்த ஒரு பெண் பேரை வெட்டிவிட்டு வீட்டு வேலைக்கு வருகிறார் என்றால், அவர் விட்டுவிட்டு வருவது நாட்கூலியை மட்டும் இல்லை. பிரட்டுக்கு (காலையில் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போன ஒவ்வொரு நாளும் அவர் பேரில் விழுந்துகொண்டிருந்த ஈ.பி.எப். அன்றோடு நிற்கிறது. மலையகத்தில் பிள்ளையின் கல்யாணம், ஒரு அறை கூட்டிக் கட்டுவது, டவுனில் ஒரு துண்டு காணி, எல்லாம் அந்தக் காசில்தான் நடந்திருக்கின்றன. பெண்களுக்கு 50 வயதில் அதை எடுக்கலாம். பத்து வருடம் கட்டி, கணக்கில் 3 லட்சமாவது இருந்தால் வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ 30 வீதம் முன்கூட்டி எடுக்கவும் வழி இருக்கிறது. வீட்டில் இன்னொருவர் தோட்டத்தில் பேர் பதிந்திருக்காவிட்டால் தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பராவில் (லயன் வீட்டு அறையில்) தொடர்ந்து இருக்கலாமா என்ற கேள்வியும் எழும். கைக்கு வரும் 35,000 தோட்டக் கூலியைவிட அதிகமாகத் தெரியலாம். 50 வயதில் அவர் கையில் என்ன இருக்கும் என்று சேர்த்துக் கணக்குப் பார்த்தால் அவ்வளவு அதிகம் இல்லை.

அதனால் அவரிடம் கேட்டுப் பாருங்கள், தோட்டத்து ஈ.பி.எப். காசை எடுத்துவிட்டாரா, அப்படியே கிடக்கிறதா என்று. கிடந்தால் அவருடைய பழைய பீ கார்ட்டை (ஈ.பி.எப். உறுப்பினர் அட்டையை) அடையாள அட்டையோடு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் பக்கத்தில் இது ஓயாத தொல்லை. பிறப்புச் சான்றிதழில் மாரியாயி, அடையாள அட்டையில் மாரியம்மா, தோட்ட ஆபீசில் கிளாக்கர் இங்கிலீசில் எழுதியது மூன்றாவது ஒரு பேர். தகப்பன் பேரின் முதலெழுத்து ஒன்றில் கே, இன்னொன்றில் சி. இலக்கம் சரியாக இருந்தும் பேர் பொருந்தாமல் காசு வருடக் கணக்கில் சிக்கிக் கிடக்கும். 50 வயதில் ஓடித் திரிவதைவிட, தோட்ட ஆபீசில் பழைய ரெஜிஸ்டர் இருக்கும்போதே, தெரிந்த கிளாக்கர் இருக்கும்போதே திருத்துவது லேசு. உங்கள் அப்பா அவரோடு ஒரு நாள் போய் வந்தால் அது ஒரு வருடப் போனஸைவிடப் பெரிய உதவி.

வீட்டு வேலையாகவே கணக்கு நின்று, ஈ.பி.எப். கட்ட இடமில்லை என்று தொழில் அலுவலகத்தில் சொல்லிவிட்டால், வேறு வழி இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தில் அமைந்த சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டத்தில் அவரையே சேர்த்துவிட்டு, தவணையை நீங்கள் கட்டலாம். சிறு வயதில் சேர்ந்தால் தவணை குறைவு, 60 வயதில் ஓய்வூதியம் தொடங்கும். பிரதேச செயலகத்தில் அதற்கென்று உத்தியோகத்தர் இருக்கிறார்.

இன்னும் சில சின்ன விஷயங்கள். பொலிஸில் பதிய வேண்டும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். 1871இல் வெள்ளைக்காரர் காலத்தில் வந்த வீட்டு வேலைக்காரர் பதிவுக் கட்டளைச் சட்டத்தைத்தான் அவர்கள் சொல்கிறார்கள். நான் கணக்குப் பார்த்த எந்த வீட்டிலும் அதன்படி பதிந்ததைக் கண்டதில்லை. உங்கள் வரி, ஈ.பி.எப். விஷயத்தோடு அதற்குத் தொடர்பும் இல்லை. சம்பளம் எவ்வளவு என்பதற்கு அளவுகோல் வேண்டுமென்றால் தேசிய ஆகக் குறைந்த வேதனத்தை வையுங்கள்: 2025 ஏப்ரலில் 27,000, 2026 ஜனவரியிலிருந்து 30,000. அது தொடக்கக் கோடு, போதும் என்ற கோடு அல்ல. வயது விஷயத்தில் விட்டுக்கொடுப்பே வேண்டாம். 2021இல் வேலைக்கு வைக்கும் ஆகக் குறைந்த வயது 14இலிருந்து 16 ஆனது. அதே வருடம் ஜூலையில், கொழும்பில் வீட்டு வேலைக்குப் போயிருந்த மலையகத்து டயகமப் பிள்ளை ஒன்று தீக்காயங்களோடு செத்துப்போனது எங்கள் எல்லாருக்கும் தெரியும். என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் 18க்குக் கீழே யாரையும் வீட்டில் வைக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். தரகர் மூலம் பெற்றோருக்கு முற்பணம் கொடுத்து ஆளைக் கட்டிவைக்கும் வழக்கத்துக்கும் போகாதீர்கள்.

வீட்டு வேலைக்குச் சட்டமே இல்லை, நினைத்த நேரம் நிறுத்தலாம் என்றும் எண்ண வேண்டாம். கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் தொழிலாளி என்பதற்கான வரைவிலக்கணம் மிக அகலமானது, வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் அதில் அடங்கும். நிறுத்தப்பட்டவர் தொழில் நியாய சபைக்குப் போனால் உங்களிடம் எழுத்தில் ஒன்றும் இல்லாதது உங்களுக்குத்தான் பாதகம். ஒரு கொப்பி போதும்: வேலைக்குச் சேர்ந்த திகதி, சம்பளம், லீவு நாள், மாதா மாதம் கொடுத்த தொகை, பிடித்த தொகை, இருவரின் கையெழுத்து. தமிழிலேயே எழுதுங்கள், அவர் வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். சம்பளத்தைப் பேங்க் கணக்குக்குப் போட்டால் இன்னும் நல்லது.

பதிவுக்குப் போகும்போது அப்பாவின் அடையாள அட்டை, அக்காவின் அடையாள அட்டைப் பிரதி, பீ கார்ட் அல்லது பழைய உறுப்பினர் இலக்கம், அறைகளை விடத் தொடங்கிய திகதிக்கு ஏதாவது ஆதாரம், இந்தக் கொப்பி ஆகியவற்றைக் கொண்டு போங்கள். முதலாளி பதிவுக்கு டீ படிவம், அவருக்கு ஏ.எச். படிவம். ஆளை எடுத்து 14 நாளுக்குள் கொடுக்க வேண்டிய படிவம் அது, நாள் கடந்துவிட்டால் கடந்துவிட்டது என்றே சொல்லிக் கொடுங்கள். அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள். தன் பேர் எப்படி எழுதப்படுகிறது என்று அவர் நேரிலேயே பார்த்துவிட்டால் அந்த எழுத்துப் பிழை மறுபடி வராது.